திரைப்படப் பொருட்களின் துல்லிய நகல்: சேகரிப்பாளர்களுக்காகச் செய்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திரையில் சில நொடிகள் மட்டுமே தோன்றும் ஒரு பொருளை, அந்த நொடிகளைப் பல நூறு முறை நிறுத்திப் பார்த்திருக்கும் சேகரிப்பாளர் ஏற்றுக்கொள்ளும் அளவுக்குத் திரும்பச் செய்வது நெடிய வேலை. அதில் கைவேலையைவிட ஆராய்ச்சிக்கே அதிக நேரம் செல்லும், செல்லவும் வேண்டும். அசலைச் செய்த கலைஞர் படப்பிடிப்பு நாளுக்குள் முடித்தாக வேண்டிய நெருக்கடியில், கைக்குக் கிடைத்த பொருட்களைக் கொண்டு, கேமராவுக்குத் தெரியும் பக்கத்தை மட்டும் கவனித்துச் செய்திருப்பார். அவர் எதை எடுத்தார், எப்படி வெட்டினார், எங்கே அவசரப்பட்டார் என்பதைப் பின்தொடர்ந்து செல்வதே துல்லியம் என்பது என் உறுதியான கருத்து. அசலைவிட நேர்த்தியாக ஒன்றைச் செய்துவிட்டால் அது நல்ல கைவினைப் பொருளாக இருக்கலாம்; நகலாக இருக்காது.

எந்தப் பொருள், எந்தக் காட்சி

ஒரு படத்துக்காக ஒரே பொருளின் பல பிரதிகள் செய்யப்படுவது வழக்கம். அண்மைக் காட்சிகளுக்கென நுணுக்கமாகச் செய்யப்படுவது ஹீரோ பிரதி. விழுவதற்கும் அடிபடுவதற்கும் எறிவதற்கும் ரப்பரிலோ ஃபோமிலோ செய்யப்படுவது ஸ்டண்ட் பிரதி. கூட்டத்தில் பின்னால் நிற்பவர்கள் பிடித்திருப்பது இன்னும் எளிமையான மூன்றாவது வகை. இவை ஒன்றுக்கொன்று அளவிலும் நிறத்திலும் வேறுபடும். ஹீரோ பிரதியின் கைப்பிடியையும் ஸ்டண்ட் பிரதியின் மேல்பகுதியையும் கலந்து செய்த நகல், உலகில் ஒருபோதும் இல்லாத ஒரு பொருளின் நகலாகிவிடும். புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் தொடக்கத்திலேயே தடுமாறும் இடம் இதுதான்.

தொடர் படங்களில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகும். 1977இல் வெளியான முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் வில்லன் டார்த் வேடரின் முகமூடியைச் சிற்பி பிரையன் மியூர் கையால் வடித்தார். அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்காது. கறுப்பு ஒன்றே என்று பலர் நினைக்கும் அதன் மேற்பரப்பில் பளபளக்கும் கறுப்பும் அடர்ந்த உலோகச் சாம்பலும் மாறி மாறி வருகின்றன. 2005இல் வெளியான படத்துக்காகச் செய்யப்பட்ட அதே பாத்திரத்தின் தலைக்கவசமோ இருபுறமும் சமச்சீரானது. ஆகவே கணினியில் ஒரு பாதியை வரைந்து மறுபாதிக்குக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போடும் வசதி, ஒரு படத்துக்குச் சரியாகவும் இன்னொரு படத்துக்குப் பெரும் பிழையாகவும் அமையும்.

பொருளின் நிலையையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். படப்பிடிப்பு நாளில் இருந்தபடி செய்யப் போகிறீர்களா, இன்று அசல் இருக்கும் நிலையில் செய்யப் போகிறீர்களா? இடைப்பட்ட ஆண்டுகளில் ஃபோம் பொடிந்திருக்கும், வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளித்திருக்கும், யாரோ ஒருவர் பழுதுபார்த்திருப்பார். 1941இல் வெளியான தி மால்டீஸ் ஃபால்கன் படத்தின் ஈயப் பறவைச் சிலை படப்பிடிப்பின்போது கீழே விழுந்து அதன் வால் இறகு வளைந்தது. 2013 நவம்பரில் நியூயார்க்கில் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 40 லட்சம் டாலருக்கும் அதிகமாக விலைபோன அந்தச் சிலையை அடையாளம் காட்டுபவற்றுள் அந்த வளைவும் ஒன்று. அப்படிப்பட்ட சேதம் அசலின் உறுப்பு. அதை நிமிர்த்திச் செய்தால் நகலின் அடையாளம் போய்விடும்.

படத்தின் பெயர், பிரதியின் வகை, காட்சி, நிலை ஆகிய நான்கையும் ஒரே வாக்கியத்தில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். வாங்க விரும்பும் சேகரிப்பாளரிடமும் அந்த வாக்கியத்துக்கு ஒப்புதல் பெற்ற பிறகே அடுத்த அடியை வையுங்கள்.

ஆதாரங்களைத் திரட்டுதல்

கிடைக்கும் மிக உயர்ந்த தரத்திலான படப் பிரதியிலிருந்து, பொருள் தெரியும் ஒவ்வொரு சட்டகத்தையும் (ஃபிரேம்) தனித்தனிப் படமாக எடுத்து, காட்சி வாரியாக அடுக்குங்கள். அசையும் காட்சியில் பொருள் மங்கலாகத் தெரியும். கை திரும்பி நிற்கும் ஒரு கணத்தில் மட்டும் தெளிவு வரும். அந்தச் சட்டகங்களைத் தேடி எடுப்பதில் பொறுமை வேண்டும். அதன் பிறகு படப்பிடிப்புத் தளப் புகைப்படங்கள், விளம்பரத்துக்காக எடுக்கப்பட்ட படங்கள், ஏல நிறுவனங்களின் பட்டியல்கள், அருங்காட்சியகக் காட்சிகள் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். ஏலப் பட்டியல்கள் இவற்றுள் தலையானவை. அவற்றில் பொருளின் பின்புறமும் அடிப்புறமும் தெரியும், உயரமும் அகலமும் பெரும்பாலும் குறிப்பிடப்பட்டிருக்கும்.

ஒவ்வொரு படத்துக்கும் அது எடுக்கப்பட்ட ஆண்டைக் குறித்து வைப்பது இன்றியமையாதது. படப்பிடிப்புக்குப் பின் சேர்க்கப்பட்ட திருகாணியையும் பூசப்பட்ட வண்ணத்தையும் அசல் என்று எண்ணி ஏமாறாமல் இருக்க அதுவே காப்பு.

திரட்டியதை மூன்று தரமாகப் பிரித்து எழுதுங்கள்: கண்ணால் கண்டது, கண்டதிலிருந்து ஊகித்தது, வேறு வழியின்றி நிரப்பியது. பிளேடு ரன்னர் படத்தின் கைத்துப்பாக்கி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1982இல் படம் வெளியான பிறகு அதன் ஹீரோ பிரதி இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொதுப் பார்வைக்கு வரவில்லை. மங்கலான சட்டகங்களையும் சில புகைப்படங்களையும் வைத்தே பலரும் நகல் செய்து வந்தார்கள். 2006இல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் அது காட்சிக்கு வைக்கப்பட்டதும், ஊகங்கள் பல திருத்தப்பட்டன. எது ஊகம் என்று தனியாகக் குறித்து வைத்திருப்பவர், புதிய சான்று கிடைத்தவுடன் அந்த ஒரு பகுதியை மட்டும் மாற்றினால் போதும்.

புகைப்படத்திலிருந்து அளவெடுத்தல்

இந்தக் கலையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அளவெடுக்க வேண்டுமானால் படத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் இருந்தாக வேண்டும். பேட்டரி, திருகாணித் தலை, கேமராவின் ஒரு பகுதி, தொழிற்சாலையில் செய்யப்பட்ட குழாய் என எதுவாகவும் அது இருக்கலாம். டி வகைப் பேட்டரியின் விட்டம் அதிகபட்சம் 34.2 மி.மீ.; ஏஏ வகை 14.5 மி.மீ. விட்டமும் 50.5 மி.மீ. நீளமும் கொண்டது. அவற்றை உள்ளே வைக்கும் குழாயின் உள்விட்டம் அதைவிடச் சற்றே பெரிதாக இருந்தாக வேண்டும் என்பதால், பேட்டரி தெரியாத படத்திலும் அவை நமக்கு ஒரு கீழெல்லையைத் தருகின்றன.

ஓர் உதாரணம் பார்ப்போம். 38 மி.மீ. விட்டமுள்ள உருளை ஒன்று படத்தில் 304 பிக்சல் அகலத்தில் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு 8 பிக்சல் என்று ஆகிறது. உருளையின் முன்புறத்தில் பொருத்தப்பட்ட ஒரு பொத்தான் 76 பிக்சல் அகலம் இருந்தால், 9.5 மி.மீ. என்று விடை வரும். இந்த விடை தவறானது. பொத்தான், உருளையின் மைய அச்சைவிட ஏறத்தாழ 19 மி.மீ. கேமராவுக்கு அருகில் இருக்கிறது. அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும். கேமரா அரை மீட்டர் தொலைவில் இருந்திருந்தால், பொத்தானின் உண்மையான அகலம் 9.5ஐ 481ஆல் பெருக்கி 500ஆல் வகுத்தால் வரும் 9.14 மி.மீ. மட்டுமே. அதே படம் 2 மீட்டர் தொலைவிலிருந்து நெடுந்தூர லென்ஸால் எடுக்கப்பட்டிருந்தால், விடை 9.41 ஆகிவிடும். தொலைவிலிருந்து எடுத்த படங்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் வலியுறுத்துவதன் காரணம் இந்தக் கணக்கில் தெளிவாகத் தெரிகிறது.

கைக்கணக்கு கடினமாகும் வடிவங்களுக்கு மென்பொருளின் துணையை நாடலாம். எஃப்ஸ்பை என்ற இலவச மென்பொருள், படத்தில் உள்ள இணைகோடுகளைக் கொண்டு கேமரா நின்ற கோணத்தையும் லென்ஸின் குவியத் தூரத்தையும் கணித்துத் தரும். அதை பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளுக்குக் கொண்டுவந்து, படத்தின் மீதே முப்பரிமாண மாதிரியைப் பொருத்திப் பார்க்கலாம். ஒரே மாதிரி, வெவ்வேறு கோணங்களில் எடுக்கப்பட்ட நான்கைந்து படங்களிலும் விளிம்போடு விளிம்பு பொருந்தினால்தான் அளவு சரி. ஒரு படத்தோடு மட்டும் பொருந்துவது எதற்கும் சான்றாகாது.

கிடைத்த எண்களை அப்படியே வைத்துக்கொள்ளாமல், அசலைச் செய்தவரின் அளவுகோலை நினைத்துப் பாருங்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் செய்யப்பட்ட பழைய திரைப்படப் பொருட்களில் அங்குல அளவுகளே பெரிதும் பயன்பட்டன. உங்கள் கணக்கில் 6.3 மி.மீ. வந்தால், கால் அங்குலமான 6.35 மி.மீ.க்கு அதை உயர்த்துவது நியாயம். 3.1 வந்தால் எட்டில் ஓர் அங்குலமான 3.175ஐ எண்ணிப் பாருங்கள். சந்தையில் கிடைத்த கம்பியையோ தகட்டையோ வாங்கித்தான் அந்தக் கலைஞர் வேலை செய்தார், அவரும் 6.3 மி.மீ. கம்பியைத் தேடி அலைந்திருக்க மாட்டார்.

கிடைத்த பொருட்களைத் தேடுதல்

முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் லூக் ஸ்கைவாக்கருக்குக் கிடைக்கும் ஒளிவாளின் கைப்பிடி, கிராஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் மூன்று பேட்டரிப் புகைப்பட ஃபிளாஷ் கைப்பிடி. அரங்க அலங்காரக் கலைஞர் ரோஜர் கிறிஸ்டியன், அதன் கீழ்ப்பகுதியில் கறுப்புப் பட்டைகளை ஒட்டி வாளாக்கினார். ஓபி-வான் கெனோபியின் வாளில் ரோல்ஸ் ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் எஞ்சினின் ஒரு குழாய்ப் பகுதி, முதல் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் ரைஃபிள் கையெறி குண்டின் உடல், பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கியின் முகப்புப் பகுதி, குளியலறைக் குழாயின் திருகு ஆகியவை கோக்கப்பட்டிருந்தன. விண்வெளி வீரர்களின் ஆயுதம் பழைய இரும்புக் கடைப் பொருட்களால் ஆனது என்பதை அறியும்போது, எந்தப் பொருளையும் உற்றுப் பார்க்கும் பழக்கம் நமக்குள் வளர்கிறது.

எனவே வடிவத்தை வரையத் தொடங்கும் முன், அசலில் கடையில் வாங்கிய பொருள் ஏதேனும் ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். கால்குலேட்டர் உறை, சமையலறைக் கருவி, விமானப் பாகம், பொம்மைக் கட்டுமானத் தொகுப்பின் துண்டு என எதுவும் இருக்கலாம். அடையாளம் காணப்பட்ட ஒவ்வொரு பாகமும் துல்லியமான அளவு தெரிந்த புதிய அளவுகோலாகி, மற்றப் பாகங்களின் கணக்கையும் செம்மைப்படுத்தும். பழைய பாகத்தை வாங்க முடிந்தாலும், அதை வெட்டுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். அரிதாகிவரும் பழம்பொருட்களை நகலுக்காக அறுப்பதைவிட, வெர்னியர் காலிப்பரால் அளந்துகொண்டு புதிதாகக் கடைந்தெடுப்பதே நல்லது. உண்மையான துப்பாக்கிப் பாகங்களைத் தொடவே வேண்டாம். அவற்றின் வடிவத்தை, திரவமாக ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் பிளாஸ்டிக்கான ரெசினில் வார்த்துக்கொள்ளலாம்.

மூல மாதிரி

அச்சு எடுப்பதற்காக முதலில் செய்யப்படும் மூல மாதிரி எவ்வளவு சிறப்பாக இருக்கிறதோ, அவ்வளவுதான் பின்னால் வரும் ஒவ்வொரு பிரதியும் சிறக்கும். செய்முறையைத் தேர்ந்தெடுக்கும்போது அசலின் செய்முறையோடு இயன்றவரை ஒத்துப்போவதே நல்லது. கடைசல் இயந்திரத்தில் செய்யப்பட்ட உலோகப் பாகத்தைக் கடைசலிலேயே செய்யுங்கள். கருவி விட்டுச் சென்ற நுண்ணிய வளையங்களும் கூர்மையான விளிம்புகளும் வேறு வழியில் வராது. அலுமினியத்தில் 6061 கலவை கடைவதற்கு ஏற்றது. களிமண்ணில் வடிக்கப்பட்ட முகத்தைக் களிமண்ணிலேயே வடியுங்கள். வெற்றிட முறையில் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இழுத்துச் செய்த கவசம் என்றால், முப்பரிமாண அச்சுப்பொறியில் தடிமனாக அச்சிட்ட கவசம் ஒருபோதும் அதற்கு ஈடாகாது. இழுபட்ட தகட்டில் மூலைகள் மென்மையாக உருண்டும் ஆழமான இடங்கள் மெலிந்தும் இருக்கும். ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஸ்டார்ம்ட்ரூப்பர் படைவீரர்களின் தலைக்கவசங்களின் தோற்றமே இந்த மென்மையால் வந்தது.

முப்பரிமாண அச்சு இன்று பலருக்கும் எட்டும் வசதி. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அச்சுப்பொறியிலிருந்து வெளிவருவதை முடிந்த பொருளாக எண்ணக் கூடாது. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக இடும் இழை அச்சில் அடுக்குக் கோடுகள் நிற்கும். 120 எண் உப்புத்தாளில் தொடங்கி, ப்ரைமர் அடித்து, பள்ளங்களில் பட்டி பார்த்து, 220, 400, 600 என்று படிப்படியாகத் தேய்க்க வேண்டும். விளிம்புகளில் கையை அழுத்தாமல், கட்டையில் சுற்றிய தாளால் தேய்த்தால் விளிம்பு மழுங்காது. பிஎல்ஏ என்ற வகைப் பிளாஸ்டிக் இழை ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும் என்பதால், வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் வைக்கப்படக்கூடிய பொருளை அதில் செய்து விற்பது பொறுப்பற்ற செயல்.

ரெசின் இறுகும்போது சற்றுச் சுருங்கும். ஒரு ரெசினின் சுருக்கம் 0.4 சதவீதம் என்று அதன் தரவுத்தாள் சொன்னால், 300 மி.மீ. நீளப் பொருளில் அது 1.2 மி.மீ. ஆகும். கணினி மாதிரியை அந்த அளவுக்குப் பெரிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள். உலோகப் பாகம் ஒன்று பின்னால் உள்ளே பொருந்த வேண்டியிருந்தால் இந்த ஒரு மில்லிமீட்டரே எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

அச்சு எடுத்தல்

சிலிக்கோன் ரப்பரில் இரண்டு வகை உண்டு. வெள்ளீயச் சேர்மத்தால் இறுகும் வகை விலை குறைவு, எதன் மீதும் எளிதாக இறுகும். ஆனால் சுருக்கம் சற்று அதிகம், சில ஆண்டுகளில் நலிந்து கிழியத் தொடங்கும். பிளாட்டினத்தால் இறுகும் வகை அளவை மிக நன்றாகக் காத்து நெடுநாள் உழைக்கும். ஆனால் கந்தகம் உள்ள களிமண், லேடக்ஸ், வெள்ளீய வகைச் சிலிக்கோன், முழுமையாக இறுகாத முப்பரிமாண அச்சு ரெசின் ஆகியவை பட்டால், தொட்ட இடமெல்லாம் இறுகாமல் பிசுபிசுத்துப் போகும். எந்த மாதிரியின் மீதும் முழுச் சிலிக்கோனையும் ஊற்றுவதற்கு முன், மறைவான ஓரிடத்தில் ஒரு துளி வைத்து மறுநாள் பாருங்கள். பல வார உழைப்பை ஒரு துளி காப்பாற்றும்.

இரண்டு பாதி அச்சை எடுக்கும் முறை இது. முதலில் பிரிகோட்டை முடிவு செய்யுங்கள்: அச்சின் இரு பாதிகளும் சந்திக்கும் அந்தக் கோடு, அசலிலேயே பொருத்துக்கோடு இருந்த இடத்தில் அல்லது தேய்த்து மறைக்க எளிதான விளிம்பில் ஓட வேண்டும், முகப்பின் நடுவிலோ எழுத்துகளின் மீதோ ஒருபோதும் ஓடக் கூடாது. கந்தகம் இல்லாத களிமண்ணில் மாதிரியைப் பாதி ஆழத்துக்குப் பதித்து, களிமண் மாதிரியைத் தொடும் ஓரத்தை மரக்கருவியால் செங்குத்தாக, இடைவெளியின்றி ஒட்டிவிடுங்கள். இந்த ஓரத்தில் நகக்கீறல் அளவு இடைவெளி இருந்தாலும் அது வார்ப்பில் மெல்லிய சவ்வாக வெளிப்படும். களிமண் பரப்பில் ஆங்காங்கே அரைக்கோளக் குழிகள் இடுங்கள். இரு பாதிகளும் பின்னால் நழுவாமல் பூட்டிக்கொள்ள அவை உதவும். சுற்றிலும் சுவர் எழுப்பி, மாதிரியைவிட எல்லாப் பக்கமும் குறைந்தது 1 செ.மீ. சிலிக்கோன் நிற்குமாறு இடம் விடுங்கள்.

எவ்வளவு சிலிக்கோன் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்வது வீணாவதைத் தடுக்கும். உட்புறம் 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரமுள்ள பெட்டியின் கொள்ளளவு 1,200 கன செ.மீ. மாதிரி 300 கன செ.மீ. இடத்தை அடைத்தால் மீதி 900. அடர்த்தி 1.15 என்றால் இரண்டு பாதிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1,035 கிராம் தேவை. பாத்திரத்தில் ஒட்டிக்கொள்வதற்காகப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

கலந்த சிலிக்கோனை வெற்றிடக் கலத்தில் வைத்தால் அது பொங்கி எழுந்து, பிறகு சரிந்து அடங்கும். காற்று போய்விட்டதன் அடையாளம் அது. பொங்குவதற்கு இடம் வேண்டும் என்பதால் பாத்திரத்தில் கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பிறகு பெட்டியின் தாழ்ந்த மூலை ஒன்றில், உயரத்திலிருந்து மெல்லிய நூலாக ஊற்றி, சிலிக்கோன் தானே ஊர்ந்து ஏறி மாதிரியை மூடும்படி விடுங்கள். நேராக மாதிரியின் மீது ஊற்றினால் நுணுக்கமான பள்ளங்களில் காற்று சிறைப்படும்.

தரவுத்தாள் சொல்லும் நேரம் முழுவதும் காத்திருந்து, பெட்டியைத் திருப்பிக் களிமண்ணை நீக்குங்கள். இந்தக் கட்டத்தில் மாதிரியை முதல் பாதியிலிருந்து எடுக்கவே கூடாது. எடுத்து மீண்டும் வைத்தால் இடையில் புகும் சிறு இடைவெளியில் இரண்டாம் ஊற்றல் கசியும். பரப்பைச் சுத்தம் செய்து, பிரிப்புப் பூச்சை ஒரு மூலை விடாமல் இரண்டு முறை பூசுங்கள். சிலிக்கோன் பெரும்பாலான பொருட்களோடு ஒட்டாது, ஆனால் சிலிக்கோனோடு விடாப்பிடியாக ஒட்டும். பூச்சு விடுபட்டால் இரண்டு பாதிகளும் ஒரே கட்டியாகிவிடும். ஊற்றுவாயை அடர்ந்த பகுதியிலும், காற்றுப் போக்கிகளைப் பொருளின் மிக உயர்ந்த முனைகள் ஒவ்வொன்றிலும் அமைக்க வேண்டும்.

வார்த்தல்

பாலியூரித்தேன் ரெசின்களே இந்த வேலைக்குப் பெரிதும் பயன்படுகின்றன. சில வகைகள் கலந்த 3 நிமிடத்துக்குள்ளேயே கெட்டியாகத் தொடங்கிவிடும். ஆகவே அளவுகள், கிளறும் குச்சி, கட்டி வைத்த அச்சு என எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பிறகே இரண்டு பாகங்களையும் கலக்க வேண்டும். இந்த ரெசின்களுக்கு ஈரம் பகை. ஈரம் பட்ட ரெசின் நுரைத்து, வார்ப்பு முழுவதும் துளைகளாகும். திறந்த பாட்டிலை உடனே இறுக மூடுங்கள். மழைநாளில் வார்ப்பதைத் தள்ளிப் போடுவதே உத்தமம்.

குமிழ்களை ஒழிக்க, வார்ப்பை அழுத்தக் கலத்தில் 40 முதல் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) அழுத்தத்தில் இறுகவிடுவது வழக்கம். குமிழ்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும். இதில் ஒரு நுட்பம் உண்டு: அச்சும் அதே அழுத்தத்தில் இறுகியிருக்க வேண்டும். சாதாரண நிலையில் இறுகிய சிலிக்கோனுக்குள் காற்றுக்குமிழ் இருந்தால், அழுத்தத்தில் அது அமுங்கி, வார்ப்பின் மேற்பரப்பில் பருக்களை உண்டாக்கும். கலத்துக்கு உற்பத்தியாளர் குறித்த உச்ச அழுத்தத்தை ஒருபோதும் தாண்டாதீர்கள்.

உலோகத் தோற்றம் வேண்டும் இடங்களில் குளிர் வார்ப்பு அழகான பலன் தரும். அச்சின் உட்புறத்தில் வெண்கலத் தூளையோ அலுமினியத் தூளையோ மெல்லியதாகத் தூவி, மிச்சத்தைத் தட்டி உதறிவிட்டு, அதே தூள் கலந்த ரெசினை ஊற்றி, இறுகிய பின் 0000 எண் எஃகுக் கம்பளியால் தேய்த்தால் மேலே இருக்கும் ரெசின் படலம் விலகி உண்மையான உலோகம் மின்னும். எடையையும் மறந்துவிடாதீர்கள். சேகரிப்பாளர் பொருளைத் தூக்கும் கணத்திலேயே அவர் கை ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடும். உள்ளே எஃகு மணிகளை நிரப்பி அசலின் எடைக்குக் கொண்டுவருவது எளிது. ஈயத்தைத் தவிர்ப்பது நலம்.

பாதுகாப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். யூரித்தேனில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளின் ஆவி மூச்சுக்குழலில் நிரந்தர ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியது. இறுகாத முப்பரிமாண அச்சு ரெசின் தோலில் அதையே செய்யும். கரிம ஆவிகளுக்கான வடிகட்டி பொருத்திய முகக்கவசம், நைட்ரைல் கையுறை, நல்ல காற்றோட்டம் ஆகியவை இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசு பறக்காது.

நிறமும் பழமையும்

திரையில் தெரியும் நிறம் பொருளின் நிறம் அன்று. விளக்கின் நிறம், ஃபிலிமின் இயல்பு, பின்னால் செய்யப்படும் நிறத்திருத்தம் ஆகிய மூன்றும் அதை மாற்றியிருக்கும். 1939இல் வெளியான தி விசார்ட் ஆஃப் ஓஸ் படத்தின் மாணிக்கச் செருப்புகள் டெக்னிகலர் என்ற அக்கால வண்ணப்பட முறையில் சுடர்விடும் சிவப்பாகத் தெரிகின்றன. அவற்றில் தைத்திருந்த சமிக்கிகளோ அடர்ந்த கருஞ்சிவப்பு. பிரகாசமான சிவப்பை வைத்திருந்தால் திரையில் அது ஆரஞ்சு நோக்கிப் போயிருக்கும்.

எனவே சட்டகத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுத்துக் கலவை தயாரிக்காதீர்கள். சிறு அட்டைகளில் ஐந்தாறு கலவைகளைப் பூசி, அரங்க விளக்குகளை ஒத்த 3,200 கெல்வின் (ஒளியின் நிறச் சாயலைக் குறிக்கும் அலகு) வெளிச்சத்தில் படமெடுத்து, அந்தப் படத்தைச் சட்டகத்தோடு ஒப்பிடுங்கள். அந்த வெளிச்சத்தில் சட்டகத்தை ஒத்துவரும் அட்டையில் உள்ளதே சரியான கலவை. பகல் வெளிச்சத்தில் அது உங்களுக்கு விசித்திரமாகத் தோன்றினாலும் கலங்க வேண்டாம்.

வண்ணப் படலங்களை அசலின் வரிசையிலேயே ஏற்றுங்கள். அடியில் வெள்ளி நிறம், அதன் மேல் கறுப்பு, அதன் மேல் பச்சை என்று அசலில் இருந்தால், பச்சை உதிர்ந்த இடத்தில் கறுப்பு ஓரமும் அதன் நடுவில் வெள்ளியும் தெரியும். தூரிகையால் மேலே வெள்ளிப் புள்ளி வைப்பது இதற்கு ஈடாகாது. அருகில் பார்த்தால் புள்ளி மேடாக நிற்கும், உண்மையான உதிர்வு பள்ளமாக இருக்கும். உதிர வேண்டிய இடத்தில் மறைப்புத் திரவத்தை வைத்து, மேல் வண்ணம் காய்ந்த பின் உரித்தெடுத்தால் அந்தப் பள்ளம் கிடைக்கும்.

ஒவ்வொரு கீறலுக்கும் இடம் உண்டு. தெளிவான படத்தை அசல் அளவில் அச்சிட்டு, அதன் மேல் ஒளிபுகும் தாளை வைத்து, கீறல்களையும் உதிர்வுகளையும் பிரதி எடுத்து, தாளை நகலின் மீது பொருத்திக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கும் ஒரே சீராகப் பூசிய அழுக்கு, பார்த்தவுடனே போலி என்று காட்டிக்கொடுத்துவிடும். கை படும் இடம் மெருகேறும், உறையில் உரசும் முனை வெளுக்கும், அழுக்கோ கை எட்டாத மூலையில் தங்கும்.

மின்விளக்குள்ள பொருட்களில் பழைய படங்கள் டங்ஸ்டன் குமிழ்களையே பயன்படுத்தின. எல்இடி வைப்பதானால் 2,700 கெல்வின் அளவிலான வெம்மையான ஒளியைத் தேர்ந்தெடுத்து, பேட்டரியை மாற்றுவதற்கான திறப்பை அசலின் பொருத்துக்கோட்டிலேயே ஒளித்து வையுங்கள்.

உரிமையும் நேர்மையும்

தனக்காக ஒன்று செய்வதும், விற்பதற்காகப் பல செய்வதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. நாட்டுக்கு நாடு விதி மாறும். 2011இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், ஸ்டார் வார்ஸ் படங்களைத் தயாரித்த லூகாஸ்ஃபில்ம் நிறுவனம் தொடுத்த வழக்கில், ஸ்டார்ம்ட்ரூப்பர் தலைக்கவசம் அந்நாட்டுச் சட்டப்படி சிற்பம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் அமெரிக்கப் பதிப்புரிமை மீறல் குறித்து பிரிட்டன் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது. 2015இல் அமெரிக்காவின் ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், பேட்மேன் ஓட்டும் பேட்மொபைல் என்ற வாகனமே பதிப்புரிமைக்கு உரிய பாத்திரம் என்று கூறி, அதன் நகல்களைச் செய்து விற்றவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வணிக அளவில் செய்ய எண்ணுவோர் உரிமம் பெறுவதும், தம் நாட்டின் சட்டம் அறிந்தவரிடம் கேட்பதுமே பாதுகாப்பான வழி. துப்பாக்கி வடிவப் பொருட்களுக்குப் பல நாடுகளில் தனி விதிகள் உண்டு. அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கிகளின் குழல் முனையில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறமோ விதி ஏற்கும் வேறு அடையாளமோ கட்டாயம்.

வேறொருவர் உழைத்துச் செய்த நகலை வாங்கி, அதன் மீது அச்செடுத்து விற்பதை இத்துறையினர் திருட்டாகவே கருதுகிறார்கள். நானும் அப்படியே கருதுகிறேன். அது மறைந்தும் போகாது. ஒவ்வொரு மறுவார்ப்பிலும் பொருள் சற்றே சுருங்கும், விளிம்புகள் மழுங்கும், முதல் கலைஞர் விட்ட சிறு குமிழின் தடம் அப்படியே தொடர்ந்து வரும். காலிப்பர் வைத்தவுடன் உண்மை வெளியாகும்.

செய்தவரின் குறியும் ஆண்டும், நகல் என்ற சொல்லும், பூசி மறைக்க முடியாதபடி பொருளின் உட்புறத்தில் வார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஒட்டிய தாள் நாளை கிழிந்துவிடும். பொருள் கைமாறிக் கைமாறிச் செல்லும்போது யாரோ ஒருவர் அதை அசல் என்று நம்பிப் பெருந்தொகை கொடுக்க நேரலாம். குறி இருப்பதால் நகலின் மதிப்பு குறைவதில்லை. நல்ல கலைஞரின் குறியைத் தேடி வாங்குவோரும் உண்டு.

ஒப்படைத்தல்

பொருளோடு ஒரு குறிப்பேட்டையும் சேர்த்துக் கொடுங்கள். எந்தப் படம், எந்தப் பிரதி, எந்தக் காட்சி என்ற முதல் நாள் வாக்கியம், பயன்படுத்திய ரெசின், வண்ணங்களின் வரிசை, ஊகித்து நிரப்பிய பகுதிகளின் பட்டியல் ஆகியவை அதில் இருக்கட்டும். அந்தக் கடைசிப் பட்டியலை வெளிப்படையாகத் தரும் கலைஞரிடமே சேகரிப்பாளர் மீண்டும் வருவார். பெட்டியில் வைக்கும்போது, வண்ணம் முழுமையாக இறுகாத பொருளைக் குமிழ்ப் பிளாஸ்டிக்கில் நேரடியாகச் சுற்றினால் குமிழ்களின் வட்டத் தடம் மேற்பரப்பில் பதிந்துவிடும். முதலில் மென்மையான, அமிலமற்ற தாளில் சுற்றி, பிறகு பொருளின் வடிவத்துக்கு வெட்டிய ஃபோமில் பதித்து அனுப்புங்கள். நேரடி வெயில் படாமல் வைக்க வேண்டும், மெல்லிய நீளமான ரெசின் பாகங்களை ஒரு முனையில் மட்டும் தாங்கி நிறுத்தினால் காலப்போக்கில் வளையும் என்ற இரண்டு பராமரிப்புக் குறிப்புகளையும் ஏட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.